நட்டின் மேல் சிவப்புக் கோடு

ஜபீன் நகத்துக்குப் பாலிஷ் வைப்பதில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். ஆனாலும் கடை மேஜையில் எப்போதும் ஒரு சிவப்பு பாலிஷ் பாட்டில் இருக்கும். அது வண்டிகளுக்கு. எளாவூரில் அவள் புருஷன் சஹாபுதீன் பாய் நடத்தும் ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் ஒரு பழக்கம்: நட்டை முறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து அதன் கீழே உள்ள தட்டு வரைக்கும் ஜபீன் ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள். கோடு இருந்தால் நட்டு இறுகிவிட்டது. பாய் தன் ஞாபகத்தைக்கூட நம்ப மாட்டார், அந்தக் கோட்டை நம்புவார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சத்யா வண்டியைக் கொண்டுவந்து விட்டாள். ஏரிக்கரைப் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். தேர்வாய் கண்டிகையில் ஒரு பேக்டரியில் இரண்டாவது ஷிப்ட். தினமும் மதியம் ஹைவேயைக் கடந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும்.

"லாரிங்களுக்கு நடுவுல கேப் கெடைச்சு முறுக்கினா, வண்டி நின்னு யோசிக்குது பாய். முந்தாநேத்து ஒரு டிரெய்லர் என் துப்பட்டாவ ஒரசிக்கினு போச்சு. எனக்கு ஸ்பீடு வாணாம். எடுத்த எடுப்புல பாய்ஞ்சா போதும்."

பாய்க்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கியர் இல்லாத வண்டியில் கியர் வேலையைச் செய்வது ஒரு பெல்ட். பெல்ட்டின் முன்பக்கத் தட்டுக்குள் ஆறு சின்ன ரோலர்கள் உண்டு. அவற்றை எடை குறைந்தவையாக மாற்றினால் வண்டி கிளம்பும்போதே துள்ளும், கடைசி வேகம்தான் கொஞ்சம் குறையும். ஆறையும் மாற்றினார். பிறகு முன்தட்டுக்கு ஒரு நட்டு, பின்தட்டுக்கு ஒரு நட்டு. இரண்டையும் கரண்டில் ஓடும் இம்பாக்ட் கன்னால் இறுக்க வேண்டும்.

ட்ர்ர்ர் என்று கன் இரைந்து அடங்கியது ஜபீனுக்குக் கேட்டது. உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்தவள் பாட்டிலோடு வந்தாள். பாய் குழாயடியில் ஒளு செய்துகொண்டிருந்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு நட்டும் இடத்தில் இருந்தன. இரண்டு கோடு இழுத்தாள். ஈரக் கையோடு திரும்பிய பாய் இரண்டு கோட்டையும் பார்த்தார், பெல்ட்டின் மேல் மூடியைப் போட்டார், சாவியைக் கொடுத்தார், பள்ளிவாசலுக்கு ஓடினார்.

"ஆளத் தூக்குதுக்கா!" தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சத்யா சிரித்தாள். வீட்டுக்குப் போய் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்புவதாகச் சொல்லிப் போனாள்.

ஒன்றே காலுக்கு மின்விசிறி சுழலத் தொடங்கியபோதுதான், கரண்டு போயிருந்தது என்பதே ஜபீனுக்கு உறைத்தது. ஒயரைச் சுற்றி வைக்கலாம் என்று கன்னை எடுத்தாள். விரல் பட்டு அது இரைந்தது. ட்ர்ர்ர்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு நட்டுக்கு இரண்டு சத்தம் வர வேண்டும். அவள் கேட்டது ஒன்று. பின்நட்டை இறுக்கியதும் கரண்டு போயிருக்கிறது. முன்நட்டு வெறுங்கையால் ஏற்றிவிட்டபடியே நின்றிருக்கிறது. கரண்டு வரட்டும் என்றுதான் மனுஷன் குழாயடிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தவரை ஏமாற்றியது தன் கோடு.

யா அல்லா, நானே பண்ணிட்டேனே.

சத்யாவுக்கு போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. பேக்டரிக்குள் செல் கூடாது என்று அவள் அதை வீட்டிலேயே வைத்துவிடுவாள். பாயின் செல் அணைந்திருந்தது. ஜபீன் ஸ்பேனர்களை அள்ளிப் பையில் போட்டாள். அடுத்து வேலைக்கு நின்ற வண்டியைக் கிளப்பினாள். அதுவும் பிக்கப் இல்லை என்று வந்த வண்டிதான். முழுக்க முறுக்கியும் அது முக்கி முனகித்தான் நகர்ந்தது. போயும் போயும் இதுவா கிடைத்தது என்று அழுகை வந்தது.

ஹைவேயை எட்டியபோது சத்யா நடுத்தடுப்பின் இடைவெளிக்கு நேரே, ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். ஜபீன் ஹாரனை அழுத்தினாள். லாரிகளின் ஹாரன்களுக்கு நடுவே அது யார் காதில் விழும்? தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒரு லாரி கடந்தது. அடுத்தது தூரத்தில் இருந்தது. சத்யா முறுக்கினாள். வண்டி ஒரு எட்டு பாய்ந்தது. உடனே இன்ஜின் மட்டும் வீறிட, வண்டி ரோட்டின் மேல் அப்படியே நின்றது. சத்யா மறுபடி முறுக்கினாள். சத்தம்தான் கூடியது. கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது.

ஜபீன் தன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். வண்டியோடு சத்யா அவள் மேலேயே வந்து விழுந்தாள். லாரி தாண்டிப் போனது. மண்ணும் சூடான காற்றும் முகத்தில் அறைந்தன.

"இன்னாக்கா இது? இன்னா ஆச்சு?"

ஜபீன் வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினாள். மூடி வந்தது. கோடு இரண்டாகப் பிளந்திருந்தது. பாதி தட்டில் இருந்தது, மீதிப் பாதி நட்டோடு சுற்றி எதிர்ப்பக்கம் போயிருந்தது. நட்டு இரண்டு விரலுக்கே சுழன்றது.

"பாய் மேல தப்பு இல்ல. இறுக்காத நட்டுக்கு நான் கோடு போட்டுட்டேன். ஒரு சத்தம் கேட்டேன், ரெண்டு கோடு போட்டேன்."

சத்யா அந்த நட்டையே பார்த்தாள். "இறுக்கு" என்றாள்.

நல்லவேளை, தட்டின் பற்கள் தேயவில்லை. ஜபீன் பெல்ட்டைச் சரிசெய்து, தட்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு, நீளக் கைப்பிடியைப் போட்டு முறுக்கினாள். பிறகு கைப்பிடியைச் சத்யாவிடம் நீட்டினாள். சத்யா முழு எடையோடு தொங்கிப் பார்த்தாள். நட்டு அசையவில்லை. ஜபீன் மூடியைப் போட்டு முடித்தாள்.

"போய்ட்டு வாம்மா."

"நீயும் ஏறு."

"நானா?"

"நான் எத நம்பி இதுக்குள்ள பூர்றது? அந்தப் பக்கம் வரைக்கும் கூட வா."

ஜபீன் ஸ்பேனர் பையை ஓரமாக வைத்தாள். புர்காவைச் சுருட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை வண்டிக்குக் கோடு போட்டிருப்பாள். அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து லாரிக்கு முன்னால் போனதில்லை. சத்யாவின் இடுப்பைப் பிடித்தாள். நாலு லாரி போயின, ஒரு பஸ் போனது. நட்டு, நட்டு என்று மட்டுமே ஜபீனின் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

"புடிச்சிக்கோ."

வண்டி துள்ளிப் பாய்ந்தது. ஜபீன் கண்ணை மூடிக்கொண்டாள். வலது பக்கம் ஒரு ஹாரன், நடுவில் ஒரு குலுக்கல், இடது பக்கம் இன்னொரு ஹாரன். பிறகு சக்கரத்துக்கடியில் ஜல்லி நெறிபட்டது.

ஜபீன் இறங்கினாள். சத்யா மணியைப் பார்த்தாள்.

"பாய்கிட்ட சொல்லு, வண்டி நல்லா இழுக்குது" என்றாள். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கீழே போட்ட வண்டியும் ஸ்பேனர் பையும் எதிர்ப்பக்கம் கிடந்தன. நடுவே லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. சத்யா தினமும் நிற்கிற மாதிரி, ஒரு காலை முன்னால் வைத்து, இடைவெளிக்காக ஜபீன் காத்து நின்றாள்.