எந்தப் பக்கம்

மகள் ஹோனோரின், அம்மாவின் தோள்களை அழுத்தினாள். சவப்பெட்டிக்காரன் பஸ்தியான் முழங்கால்களை அழுத்தினான். அம்மா உர்சூல் பெட்டிக்குள் மல்லாந்து படுப்பதாக இல்லை. ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. முப்பது வருஷமாக ஈரத்துணிக் கூடையை ஒரே இடுப்பில் சுமந்து, சேன் நதியின் சலவைப் படகுக்கும் ஊரார் மாடிகளுக்கும் ஏறி இறங்கிய உடம்பு. செத்த பிறகாவது நிமிரும் என்று மகள் நினைத்திருந்தாள். அந்த ஆசையிலும் மண் விழுந்தது.

"இதுக்கு மேல அமுக்கினா எலும்பு ஒடிஞ்சிரும் தாயி," என்றான் பஸ்தியான். "மூடியும் உக்காராது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிரலாம்."

"பாதிரியார் ஒத்துக்குவாரா? வானத்தப் பாத்துல்ல படுக்கணும்?"

"மூடினப்புறம் அவரு தொறந்தா பாக்கப் போறாரு? எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

அப்போதுதான் ஓவியர் வரேன் உள்ளே வந்தார். செம்புத் தகட்டில் படம் கீறி அச்சடித்து விற்பவர். போன குளிர்காலம் முழுக்க அம்மாவைத் தன் அறையில் நிற்க வைத்து வரைந்தவர். கூடை காலியாக இருந்தால் முதுகின் வளைவு சரியாக விழவில்லை என்று ஈரத்துணியை நிரப்பச் சொன்ன புண்ணியவான். 'சலவைக்காரி' இப்போது பாரிஸில் கடைக்குக் கடை தொங்குகிறாள். அந்த முதுகில்தான் என்ன அழகு என்று பெரிய மனிதர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

அவர் கையில் அந்தப் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. "உங்கம்மாவுக்குன்னு கொண்டு வந்தேம்மா. பெட்டியில வெச்சிடு." அதில் நடிப்பில்லை. பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "இடப்பக்கமா படுக்க வைங்க. கூடை எப்பவும் இடது இடுப்புலதானே? அவங்களுக்கு அதுதான் வாகா இருக்கும்."

படத்தைப் பார்த்தாள் ஹோனோரின். கூடை இடது இடுப்பில்தான் இருந்தது. தகட்டில் கீறியது காகிதத்தில் பக்கம் மாறித்தான் விழும். "என்னய நொட்டாங்கைக்காரி ஆக்கிட்டாருடி," என்று அம்மாவே சிரித்திருக்கிறாள். தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? குளிர்காலம் முழுக்க எதிரே நின்றவள் அவருக்கு மறந்துபோயிருந்தாள். காகிதத்தில் இருப்பவள்தான் மிஞ்சியிருந்தாள்.

"அது உங்க படத்துல இருக்கறவ, ஐயா. எங்கம்மா வலது பக்கம் சுமந்தா."

வரேன் கையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

யாரையும் தொடவிடாமல் அவளே அம்மாவை வலப்பக்கமாகப் புரட்டினாள். உடம்பு முரண்டு பிடிக்காமல் அடங்கியது. பஸ்தியான் மூடியைத் தூக்கினான். குறுகலான அறை, வழிவிட வேண்டியிருந்தது. படம் கசங்கிவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வரேன் சுவரோரம் ஒதுங்கினார்.