நிறுத்திய மாத்திரை

ஸ்ட்ரெச்சரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அன்னபுஷ்பம் தாழ்வாரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்பாவின் வலது கை வெளியே நழுவித் தொங்கியது. எடுத்து மார்மேல் வைத்தாள், மறுபடியும் நழுவியது. காலையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் பேச்சு குழறி அப்படியே சரிந்தார். வடக்குப்பட்டிலிருந்து வாடகைக்கு வேன் பிடித்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

தம்பி அமிர்தநாதன் பின்னாலேயே வந்து சேர்ந்தான். ஷிப்டில் இருந்தவனுக்கு யாரோ தகவல் சொல்ல, கிரீஸ் படிந்த கம்பெனி சட்டையோடு வந்திருந்தான்.

டாக்டர் வந்து, அப்பா லூர்துராஜின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அமிர்தநாதன் பையிலிருந்து மடித்த மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினான்.

"ஆஸ்பிரின் சார். போன வருசத்துலருந்து தினம் ஒண்ணு. ஒரு நாள் கூட வுட்டதில்ல. நான்தான் தாம்பரத்துலருந்து வாங்கியாறேன்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்னபுஷ்பம் அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வருஷம் தவக்காலத்தில் அது நடந்தது. பம்புசெட் மெக்கானிக்கான அப்பா ஒரகடத்தில் மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. வாய் கோணிக்கொண்டது. பத்தே நிமிஷம்தான்; ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் சரியாகிவிட்டது. இது முன்னெச்சரிக்கை, அசட்டையாக இருக்கக்கூடாது என்றார் தாம்பரத்து டாக்டர். ரத்தக் குழாயின் உள்பக்கம் சொரசொரப்பான இடத்தில், காயத்தை அடைக்கிற ரத்தத் துகள்கள் கூடி ஒட்டிக் கட்டியாகிவிடும். தலையில் அடைத்தால் பக்கவாதம், நெஞ்சில் அடைத்தால் மாரடைப்பு. அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மாத்திரையின் வேலை என்று விளக்கினார். அம்மா ஜெபமணிக்கு அதற்கு முந்தின வருஷமே மாரடைப்பு வந்து, அவளும் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்கிய அன்றைக்கே இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வந்துவிடுவான் அமிர்தநாதன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அப்பா வாயில் போட்ட மாத்திரையைச் சாக்கடையில் துப்புவதை அன்னபுஷ்பம் பார்த்துவிட்டாள். வயிறு எரிகிறது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கிறேன் என்றார். கைகால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

"தம்பிகிட்ட சொல்லாதம்மா. ஆசையா வாங்கியாறான், மனசு கஷ்டப்படுவான்."

அவள் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார் என்று நினைத்தாள். பிறகு, கேட்பதற்கே மறந்துபோனாள்.

இப்போது டாக்டர் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். மூளையில் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல இங்கே மிஷின் இல்லை. ரத்தத்தை எளிதில் உறையவிடாத ஆஸ்பிரினைத் தினமும் சாப்பிடுகிறவர் என்பதால் கசிவாக இருக்குமோ என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார்.

தம்பி அப்பாவின் தலைமாட்டில் குனிந்திருந்தான். அன்னபுஷ்பம் விடுவிடுவென்று போய் டாக்டரைத் தாழ்வார முனையில் மறித்தாள்.

"சார், அவரு மாத்திரை சாப்டல. ரெண்டு மாசமா நிறுத்திட்டாரு. தம்பிக்குத் தெரியாது."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்டார். வயிற்றெரிச்சலைச் சொன்னாள்.

"வந்து சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்போமே அம்மா. தானா நிறுத்தக்கூடாது." எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். அவள் நின்ற நிலையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "மாத்திரை சாப்பிட்டாலும் சில பேருக்கு வந்துடும். வர வாய்ப்பைத்தான் அது குறைக்கும். சாப்பிட்டிருந்தா வந்திருக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பதினொரு மணிக்குமேல் மூச்சில் கரகரப்பு சேர்ந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அமிர்தநாதன் சுவர்க் கடிகாரத்தையும் அப்பாவின் மார்பையும் மாறிமாறிப் பார்த்தான். இரண்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், அடுத்த மூச்சு வரவில்லை.

அதே வேனில் பலகை போட்டு அப்பாவைக் கிடத்தினார்கள். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பி வெகுதூரம் வந்துவிட்டது. அமிர்தநாதன் வெளியே பார்த்தபடியே பேசினான்.

"அந்த மாத்திரைய எவ்ளோ நம்புனேன்க்கா. ஒண்ணுத்துக்கும் ஒதவல. வூட்டுக்குப் போனதும் அம்மாவோடதையும் தூக்கிக் கெணத்துல போட்டுடறேன். இனிமே யாருக்கும் வாணாம்."

அம்மா ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு மாத்திரை போட்டிருப்பாளோ என்னவோ. அப்பாவின் முகத்தில் மூடியிருந்த துணி காற்றில் விலகியது. அன்னபுஷ்பம் அதைச் சரிசெய்தாள்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் பீடி பற்றவைக்க இறங்கிப் போனான்.

"தம்பி, அம்மா மாத்திரைய நிறுத்தாத."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா அத சாப்டவே இல்ல. ரெண்டு மாசமா துப்பிகினு இருந்தாரு. வயிறு எரியுதுன்னாரு. எனக்குத் தெரியும்."

"இன்னாக்கா சொல்ற?"

"உன்கிட்ட சொல்ல வாணாம்னாரு. நானும் சொல்லல."

கேட்டுக்கு அப்பால் எங்கேயோ ரயில் ஊதுவது கேட்டது.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"காலையிலயே சொல்லிட்டேன்."

"அப்போ எனக்கு மட்டுந்தான் தெரியாது."

டாக்டர் சொன்ன மற்றதையும் அவள் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்பது வாய் வரைக்கும் வந்தது. இப்போது அதைச் சொன்னால் தனக்காகச் சொல்கிற மாதிரி இருக்கும் என்று விழுங்கிக்கொண்டாள். ரயில் தடதடத்துப் போய் முடிந்தது.

கேட் தூக்கினார்கள். டிரைவர் ஓடிவந்து ஏறி வண்டியை எடுத்தான். தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியபோது வேன் குலுங்கியதில் பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. அக்கா அப்பாவின் தோளைப் பிடித்தாள். தம்பி காலைப் பிடித்தான். ஒரகடம் போகிற வரைக்கும் ரோடு முழுக்கக் குண்டும் குழியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேரும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.