மிருகத்தின் முன்பாதி

முன்னங்கால் காய்ச்சலில் படுத்திருந்த அன்றும் மிருகம் நான்கு கால்களில்தான் ஆடியது. அது சிங்கமா எருதா என்று யாருக்கும் தெரியாது. சடைமுடியும் மரத்தலையும் கொண்ட அந்த உடைக்குள் இரண்டு பேர் நுழைந்துகொள்வார்கள். தலையைச் சுமப்பவருக்கு முன்னங்கால் என்று பெயர். அவருடைய இடுப்பு வாரைப் பிடித்தபடி குனிந்து போகிறவருக்குப் பின்னங்கால். இருவரும் தங்கையையும் அக்காவையும் கட்டிய சகலைகள். பட்டப்பெயர் தெருவரை வந்துவிட்டதால் பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மூத்தவரான பின்னங்கால் இத்தனை வருடங்களில் பார்த்ததெல்லாம் தரையும் சகலையின் குதிகால்களும்தான். அன்று அவர் அரங்குக்கு வந்தபோது மேளம் தொடங்கிவிட்டது, மிருகத்தின் தலை நிமிர்ந்து தயாராக நின்றது. அடித்துப் பிடித்துப் பின்னால் நுழைந்து வாரைப் பிடித்தார். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் முன்பக்கம் ஆளைக் காணோம். வேர்வை துடைக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, போகிற வழியில் சகலை வீட்டில் எட்டிப்பார்த்து, உன் புருஷன் இன்று பின்னி எடுத்துவிட்டான் என்று மச்சினியிடம் சொன்னார். அவள் கையில் ஈரத்துணியோடு விழித்தாள்.

"அவரு காலையிலேருந்து கட்டிலை விட்டு எந்திரிக்கவே இல்லையே, அத்தான்."

அந்தப் பருவத்தில் பல தேசத்து ஆட்டக்காரர்கள் அரங்கின் ஒப்பனை அறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னங்கால் ஒவ்வொரு குழுவாகப் போய், கையாலும் காலாலும் விளக்கி விசாரித்தார். மரமுகம் பூணுகிறவர்கள், தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்க வேண்டும், அறையைப் பார்க்க மாட்டினால் அது மனிதர்களைப் பார்த்துப் பழகிவிடும் என்றார்கள். உடம்பெல்லாம் வைக்கோல் கட்டி ஆடுகிறவர்கள், தங்கள் உடைகளில் பாதி ஆளில்லாமலேதான் ஆடுகின்றன, அதனால் பயணத்துக்குச் சின்ன வண்டி போதும் என்றார்கள். கட்டைக்காலில் நின்று பறவை முகம் அணிகிறவர்கள், அணியும் முன் அதனிடம் சம்மதம் கேட்டீர்களா என்றார்கள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் அதிசயப்படவில்லை, கூட ஆடுகிறவனின் இடுப்பு மாறியதுகூடத் தெரியாமல் ஒரு மனிதன் ஆடினானா என்பதுதான் அவர்களுக்கு அதிசயம். உண்மையில் அவருக்குத் தெரியாமல் இல்லை. அன்றைய இடுப்பு லேசாக இருந்தது, அடிகள் கச்சிதமாக விழுந்தன, வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை என்ற சந்தோஷத்தில் அவர் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டார். அதுதான் அவரை உறுத்தியது.

காய்ச்சல் விட்டு வந்த முன்னங்கால் உடைக்குள் தலையை விட்டார், உடனே வெளியே இழுத்துக்கொண்டார். உள்ளே ஆள் இருக்கிறது என்றார். மறுநாளும் இருந்தது. குழுத்தலைவர் உடையைச் சுற்றி வந்து பார்த்தார். பின்னால் ஆள் இல்லாவிட்டால் அது எழுந்திருக்கவில்லை, இருந்தால் துள்ளிக் குதித்தது. அப்படியானால் ஓர் ஆள் போதும் என்று அவர் முடிவு செய்தார். முன்னங்காலைத் திரை இழுக்கச் சொன்னார்கள். மேளச்சத்தம் கேட்டால் அவர் கயிற்றைப் பிடித்த கையோடு நின்ற இடத்திலேயே அடிவைத்தார். இரண்டு வீட்டிலும் சோறு இறங்கவில்லை. தங்கை அழுதாள், அக்கா அடுப்படியில் பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். பின்னங்காலுக்கு மிருகத்தின்மேல் கோபம் வந்தது. அதைவிட, ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வாரைப் பிடிக்கத் துடிக்கும் தன் கையின்மேல் வந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் சகலையின் கையிலிருந்த திரைக்கயிற்றை வாங்கித் தலைவரிடம் நீட்டினார். சகலையைப் பின்பக்கம் நுழையச் சொல்லிவிட்டு, தானே போய்ச் சனங்களோடு உட்கார்ந்தார். மிருகம் ஆடுவதை அவர் முன்னாலிருந்து பார்ப்பது அதுவே முதல்முறை. அதன் கண்கள் மஞ்சள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அது தலையை ஆட்டியபோது பக்கத்திலிருந்த குழந்தையோடு சேர்ந்து அவரும் பின்வாங்கினார், பிறகு வெட்கமில்லாமல் கைதட்டினார்.

முன்னங்கால் வெளியே வந்தபோது அவரால் நிமிர முடியவில்லை. சகலையின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்.

"இத்தனை வருஷமும் இப்படித்தான் குனிஞ்சே கிடந்தீங்களா, அண்ணே?"

பின்னங்கால் சகலையின் இடுப்பைத் தேய்த்துவிட்டார்.

அதன்பிறகு நாளுக்கு ஒருவராக மாறி மாறிப் பின்னால் ஆட, மற்றவர் உட்கார்ந்து பார்க்கிறார். ஆட்டம் முடிந்ததும் மச்சினி உடையின் பக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைக்கிறாள். ஒன்றை ஆடியவர் குடிக்கிறார். இன்னொன்றும் காலியாகத்தான் திரும்புகிறது. வெயில் காலத்தில் அதற்கு மட்டும் இன்னொரு டம்ளர் ஊற்ற வேண்டியிருக்கிறது.