பூட்டுப் போட்ட சைக்கிள்

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய தமிழ்வாணி அப்பாவின் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. ஐஸ்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழக் கை நீட்டினார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வீட்டின் பக்கச் சந்துக்குள் நுழைந்தாள். அங்கே ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த அப்பாவின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சீட்டில் கோழி எச்சம். இரண்டு டயரிலும் பொட்டுக் காற்றில்லை.

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அண்ணன் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

தமிழ்மாறன் நாற்காலி வாடகைக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"இப்ப எதுக்கு வாணி அது? எல்லாம் முடியட்டும்."

"அப்பா வீட்ட விட்டுக் கெளம்புறதுக்குள்ள அது தெறந்திருக்கணும். குடு."

"ஏத்தா, அப்பன் மூஞ்சியப் பாக்காம சைக்கிளத் தேடி வந்தியாக்கும்?" என்று எழுந்து வந்தார் சித்தப்பா வெள்ளைத்துரை. "ஊரு பாக்குது."

"பாக்கட்டும் சித்தப்பா. அம்புட்டுப் பேரும் பாக்கணும்னுதான் கேக்குறேன்."

பந்தல் வாசலில் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே, 'கொத்தனார் பேச்சிமுத்து இயற்கை எய்தினார்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. இயற்கையாம்! எவன் எழுதிக் கொடுத்தானோ! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒத்தக்கடையிலிருந்து அந்தச் சைக்கிளை மிதித்துக்கொண்டு மதுரை முழுக்க வேலைக்குப் போய் வந்த மனுஷன். முதலில் கொத்துக்கரண்டி பிடித்த கை நடுங்கியது. அப்புறம் கால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. அதுவும் வாசலில்தான் அதிகம். அவரே கட்டிப் பூசிய நிலைப்படிக்கு முன்னால் வந்து, பசை தடவி ஒட்டியதுபோல நின்றுவிடுவார். "காலு வர மாட்டேங்குதுப்பா" என்பார். ஆனால் யாராவது பிடித்துச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் போதும், தெருவைச் சுற்றி வந்துவிடுவார். முதுகு நிமிர்ந்து, முகத்தில் பழைய களை வந்து, தெருப் பிள்ளைகளுக்கு மணியடித்துக்கொண்டே போவார்.

அதுதான் அவருக்கு வினையாகப் போனது.

"வீட்டுக்குள்ள நாலு எட்டு வைக்க ஏலாதாம், தெருவுல மாப்ள கணக்கா சைக்கிள் ஓட்டுறாரு. இது நோவா, நடிப்பா?" என்று அண்ணன் கேட்டான். சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவுக்கு நோயில் இறுகிப்போன முகம். அதில் வருத்தம்கூடத் தெரியவில்லை.

நரம்பு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனவள் தமிழ்வாணிதான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"மூளைக்குள்ள ஆழத்துல சின்னதா ஒரு இடம்மா. அங்க இருக்கிற செல்லுங்க தனித்தனியா, அதது நேரத்துக்குப் பேசிக்கிடணும். இந்த நோயில அம்புட்டும் ஒண்ணு சேந்து ஒரே தாளத்துல கத்துது. அந்தக் கூச்சல்ல, காலை எடுன்னு மூளை சொல்றது காலுக்குப் போய்ச் சேரல."

"அப்ப சைக்கிள் எப்படி சார் ஓட்டுறாரு?"

"பெடல் சுத்துறப்ப அந்தக் கூச்சல் கொஞ்சம் அடங்குது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இவரு மட்டுமில்ல, நெறையப் பேரு இப்படித்தான். நடிப்புன்னு யாரும் சொன்னா எங்கிட்ட கூட்டிட்டு வாங்க."

ஏறும்போதும் இறங்கும்போதும் ஆள் பிடிக்க வேண்டும், பெரிய ரோட்டுக்கு விடக்கூடாது என்றார். வெளியே வரும்போது அப்பா அறை வாசலில் நின்றுவிட்டார். அங்கிருந்த பிசியோதெரபி பெண் ஓடிவந்து அவர் பாதங்களுக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்தாள். "இதத் தாண்டுங்கய்யா" என்றாள். அப்பா சட்டென்று காலைத் தூக்கித் தாண்டினார்! அவ்வளவுதான் வித்தை. அன்றிலிருந்து வந்துபோகும் நாளெல்லாம் வாசல் தோறும் தமிழ்வாணி காலை வைப்பாள், "தாண்டுங்கப்பா" என்பாள், அவர் தாண்டுவார்.

எல்லாவற்றையும் அண்ணனுக்குப் போனில் சொன்னாள்.

"டாக்டரா வந்து தூக்கிச் சுமக்கிறாரு? நீ அங்க கோச்சடையில உன் வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசுவ" என்றான் அவன்.

அதுவும் பொய்யில்லை. அப்பாவைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவன்தான், அலசிவிட்டதும் அவன்தான். அதற்காகச் சைக்கிளைப் பூட்டுவானா ஒரு மனுஷன்? "நடந்து வந்து கேளுங்க, சாவி தாரேன்" என்று பெற்ற அப்பனிடம் சொல்வானா?

நேற்றுக் காலையில் அப்பா நடந்துதான் வந்திருக்கிறார். அண்ணன் மனைவி சரண்யாதேவி போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "வாசப்படிகிட்ட வந்து நின்னுட்டாரு வாணி. 'காலு வரலப்பா'ன்னாரு. இவுக 'நடிக்காம வாங்க'ன்னுட்டு பல்லு விளக்கப் போயிட்டாக. காலு அங்கயே நிக்குது, உடம்பு மட்டும் முன்னால போயிருச்சு. படியில மண்டை அடிச்சிருச்சு."

இப்போது அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம், "தடுக்கி விழுந்துட்டாருண்ணே" என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

"எது தடுக்குச்சு?" என்றாள் தமிழ்வாணி.

ஐஸ்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லுண்ணே. எது தடுக்குச்சு?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். அவள் மாடிப்படிக்குக் கீழே போய் அப்பாவின் சிமெண்டு படிந்த சாக்கை இழுத்து, சுத்தியலை எடுத்தாள். சித்தப்பா, "ஏ பிள்ள, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சந்துக்குள் பின்னாலேயே ஓடிவந்தார். அவள் அடித்த முதல் அடி சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. அடுத்தது கை நழுவிக் கட்டைவிரலில் பட்டது. வலியில் கோபம் இன்னும் ஏறியது. பூட்டு வாயைப் பிளக்கும்வரை அடித்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கத் துணியவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டாள். முந்தானையால் சீட்டைத் துடைத்தாள். அப்புறம்தான் பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "தெறந்தாச்சுப்பா, தெறந்தாச்சு" என்று கத்தி அழுதாள்.

சாயங்காலம் தூக்கினார்கள். கொள்ளிச்சட்டியோடு அண்ணன் முன்னால் போனான். தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். அவன் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகப் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு எட்டும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வரட்டும், இருக்கிறது அவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டைக் கழுவிவிட்டு விளக்கேற்றினார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் வந்து கால் கழுவி, ஒவ்வொருவராக உள்ளே போய் விளக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். கடைசியாகத் தமிழ்மாறன் வந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி. நிலைப்படி வரைக்கும் வந்தவன் நின்றுவிட்டான்.

"உள்ள போப்பா" என்றார் சித்தப்பா.

அவன் போகவில்லை. கழுவிவிட்ட படி இன்னும் ஈரமாகவே இருந்தது. அதையே பார்த்தான்.

விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்வாணி பகலெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தையை எடுத்தாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"என்னண்ணே, நடிக்கிறியா? நடிக்காம வா உள்ள."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சரண்யாதேவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அண்ணன் கோபப்பட்டுப் பதில் சொல்வான், அதற்கு மேலே ஒன்று சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். வலது காலைத் தூக்கப் பார்த்தான். பாதம் தரையை விட்டு எழவில்லை.

"காலு வர மாட்டேங்குது வாணி" என்றான்.

அவள் எழுந்தாள். சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. டாக்டர் சொன்னது, சித்தப்பா சிரித்தது, அந்தப் பிளக்ஸ் எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேரே கேட்கத்தான் வாசலுக்கு வந்தாள். வந்து, அவன் பாதங்களுக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்தாள்.

"தாண்டு" என்றாள்.