கங்காணி பின்னால் நிற்கும்போது

சனிக்கிழமை

இரண்டாம் தடவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை. வகுப்பு முடிகிற நேரத்தில் பிரியந்தி மிஸ் சொன்னார். பயம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது நானாகவே சிரித்துக்கொண்டிருந்தேன் போல. பக்கத்து சீட்டு அக்கா என்ன விசேஷம் என்று கேட்டார். பயந்தவள் சிரிப்பாளா?

ஒழுங்காக எழுதுகிறேன். பிறகு வாசித்தால் எனக்கே விளங்க வேண்டும்.

ஹட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் உதவியாள். பகலில் அங்கே வேலை. மாலையில் டவுனில் துணிக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. பராமரிப்பாளருக்கான தொழில் தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ. மூன்றாம் நிலை. இதற்குப் பரீட்சை மண்டபம் கிடையாது. நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து, பின்னால் நின்று, செய்வதைப் பார்ப்பார். தேறினால் இல்லத்தில் என்னைப் பராமரிப்பாளராக நிரந்தரமாக எடுப்பார்கள். தேறாவிட்டால் சமைக்கிற குசினியும் துணி துவைக்கிற இடமும்தான். இந்த முறையும் தவறினால் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதாக மேட்ரன் நேராகவே சொல்லிவிட்டார்.

முதல் தடவை போன மாதம். இல்லத்தில் இருக்கிற அந்தோனியம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். தினமும் நான்தான் மாற்றுகிறேன். பக்கவாதம் வந்ததில் அவருக்கு இடது பக்கம் பலமில்லை. நாற்காலியை வலது பக்கம் வைக்க வேண்டும், பிரேக் போட வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவர் சம்மதித்த பிறகுதான் எழுப்ப வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண்டியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் மேடம் எனக்குப் பின்னால் நின்று பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான். என் வாய் மூடிக்கொண்டது, கை மட்டும் ஓடியது. ஒரு வார்த்தை பேசாமல், மூட்டையை ஏற்றுவதுபோல அந்தோனியம்மாவை நாற்காலியில் வைத்துவிட்டேன்.

மேடம் சிங்களவர். ஆனாலும் எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகத் தமிழில் சொன்னார். "நாற்காலி நல்லா வெச்சீங்க. பிரேக்கும் சரி. அந்த அம்மாவ மட்டும் நீங்க பார்க்கவே இல்ல."

தாளில் 'இன்னும் தகைமை பெறவில்லை' என்று வந்தது. வீட்டில் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அரைப்பேர்தான் விழுந்தது என்றேன். தேயிலை மலையில் அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து குறைந்தால் பாதிநாள் சம்பளம்தான் எழுதுவார்கள், அதுதான் அரைப்பேர். கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அதன்பிறகு வகுப்புக்கே போகாமல் இருந்தேன். என்னோடு படிக்கிற கேத்ரின் விடவில்லை. "நீ வராட்டி நான் யாரத் தூக்கிப் பழகுறது? நிரோஷனத் தூக்க என்னால ஏலாதுடி, இடுப்பு போயிரும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பின்னாலிருந்து நிரோஷன், தான் மெலிந்துவிட்டதாகச் சொல்லச் சொல்லிக் கத்தினான். எங்கள் வகுப்பில் ஒரே ஆண்பிள்ளை அவன்தான். நல்ல பருமன். அடுத்த நாள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

இன்று ஒரு பெரிய விஷயம் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தது கேத்ரின். எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

காலையிலேயே பஸ் பிடித்து, பேக்கரியில் வாங்கிய ஒரு பை பணிசோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் எந்த இடத்தில் தடுமாறுகிறேன் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அம்மாதான் நோயாளி. பிளாஸ்டிக் கதிரைதான் சக்கர நாற்காலி.

அம்மாவைப்போல மோசமான நோயாளி எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்க மாட்டார். இடது கால் வேலை செய்யாது என்று சொல்லிப் படுக்க வைத்தால், நான் தோளைத் தொடுவதற்குள் எழுந்து தானே கதிரையில் உட்கார்ந்துகொள்கிறார். கேத்ரின் இரண்டு முறை திரும்பப் படுக்க வைத்தாள். தன்னை ஒருவர் தூக்கிவிடுவது அம்மாவுக்கு வெட்கமாக இருக்கிறது. "எனக்கென்ன கைகால் இல்லியா? இந்தப் புள்ள ஏன் இப்புடிச் சிரமப்படணும்" என்கிறார். கடைசியில் கேத்ரின் ஒரு துண்டை எடுத்து அம்மாவின் இடது கையையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு நன்றாக வந்தது. எல்லாம் சொல்லிச் சொல்லிச் செய்தேன். அம்மாகூட ஒரு நிமிடம் நிஜமாகவே என்மேல் சாய்ந்தார். கேத்ரின் கதவோரம் நின்று பணிஸ் தின்றபடி தலையாட்டினாள். எந்தக் குறையும் தெரியவில்லை என்றாள்.

இரண்டாம் முறை செய்துகொண்டிருக்கும்போதுதான் ஆண்டியப்பன் மாமா வந்தார். எங்கள் லய வரிசையில் இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருக்கிறவர். அம்மா வேலை செய்கிற மலைக்குக் கங்காணி, பின்னால் நின்று வேலை வாங்குகிறவர். நாளைக்கு எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வந்தவர், நாங்கள் ஏதோ செய்வதைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எனக்கே தெரியாது. கை வேகமெடுத்தது. அதே நேரம் கட்டிலில் இருந்த அம்மா, துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் அதைப் பிடித்தேன், அம்மா இதைப் பிடித்தார், கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கேத்ரின் வாயில் பணிசோடு சிரித்துப் புரைக்கேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவள் தோட்டத்துப் பிள்ளை இல்லை, டவுனில் வளர்ந்தவள். அதனால்தான் அவள் கண்ணில் பட்டது. "ரெண்டு பேரும் ஒரே மாதிரிடி. அவரப் பாத்தோன்ன வாய் மூடுது, கை ஓடுது. அன்னைக்கும் உனக்கு இதுதான் நடந்திருக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அது நாங்க சொல்லிக் குடுத்ததுதான் புள்ள" என்றார் அம்மா. "கொழுந்து நெரையில நிக்கிறப்ப கங்காணி பின்னால வந்தா பேசாத, கைய ஓட்டு. சின்னதுல நீ மலைக்குச் சாப்பாடு கொண்டாரப்ப உனக்கும் அதத்தானே சொன்னேன்."

ஆண்டியப்பன் மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டார். தப்பு ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும் மாலையில் வந்து இப்படியே பின்னால் நிற்க வேண்டும் என்று கேத்ரின் கேட்டாள். சம்பளம் உண்டா என்றார். மிச்சமிருந்த பணிஸை நீட்டினாள்.

நான் முட்டாள் இல்லை. கை தெரியாதவளும் இல்லை. எனக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். பழக்கத்தை மாற்றலாம். மாற்றலாம்தானே?

திங்கட்கிழமை

முதல் பயிற்சி. ஆண்டியப்பன் மாமா தொப்பியும் கம்புமாக முழுக் கோலத்தில் வந்தார். சும்மா நிற்கச் சொன்னால் அவருக்கு வராது. நான் 'இப்ப மெதுவா உக்காரப் போறோம்' என்று சொல்லும்போதே பின்னாலிருந்து "ம், சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார். வாய் தானாக வருகிறதாம், தன் குற்றம் இல்லையாம். கேத்ரினுக்கு போனில் சொன்னேன். நல்லதுதான், அவர் சொல்லச் சொல்ல நீ மெதுவாகச் செய் என்றாள்.

முதல் மூன்று முறை தோற்றேன். நாலாவது முறை அவர் சீக்கிரம் என்றபோது நான் வேண்டுமென்றே கையை நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த அம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்றார். நடிப்பு இல்லை. நாள் முழுக்க மலையில் நின்றவர். இத்தனை நாளில் நான் அதைக் கேட்டதே இல்லை.

பிறகு அந்தப் பிளாஸ்டிக் கதிரையிலேயே தூங்கிப்போனார். ஆண்டியப்பன் மாமா சத்தம் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை

வகுப்பில் பிரியந்தி மிஸ் எல்லோரையும் எனக்குப் பின்னால் அரைவட்டமாக நிற்க வைத்தார். ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு தாள். நிரோஷன்தான் நோயாளி. கண்ணை மூடிக்கொண்டு, தன் சொத்தையெல்லாம் யாருக்கு எழுதுவது என்று முனகினான். மூன்று தடவை நன்றாக வந்தது. ஒரு தடவை பிரேக் போட மறந்தேன். பேசுவதிலேயே கவனம் வைத்தால் பிரேக் போகிறது, பிரேக்கில் வைத்தால் பேச்சு போகிறது. வெள்ளிக்கிழமை எது போகும்?

மாடியிலிருந்து இறங்கும்போது, மேடம் பார்க்க வருவது நான் விழுவதை அல்ல, நிற்பதை என்று மிஸ் சொன்னார். நல்ல வார்த்தை. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பிரேக்கைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் ஒரே பனி. அந்தோனியம்மா ஜெபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தயாராகப் படுத்திருந்தார். மேடம் வந்தார். குடையை மூலையில் சாய்த்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றார். பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று ஆண்டியப்பன் மாமாவின் குரல் காதுக்குள் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வாய் திறந்துகொண்டது.

"அம்மாயி, காலை வணக்கம். இன்னைக்கு ஜன்னல்கிட்ட போய் உக்காருவமா?"

சரி என்றார். நாற்காலியை வலது பக்கம் கொண்டுவந்தேன். அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தேன். இதுவரை எல்லாம் சரி. பிரேக் போடக் குனிந்தேன்.

அப்போதுதான் அந்தோனியம்மா நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். தாளையும் பேனாவையும் பார்த்தார். முகம் மாறியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையால் நாற்காலியைப் பிடித்து, என்னை எதிர்பாராமல் தானாக எழும்பப் பார்த்தார். இடது கால் தரையில் சரியாக ஊன்றியிருக்கவில்லை. நாற்காலி லேசாக உருண்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துண்டைப் பிடுங்கி எறிந்தது அப்படியே கண்ணில் வந்தது. அந்தோனியம்மாவும் மலையில் கொழுந்து எடுத்தவர்தான்.

ஒரு கையால் நாற்காலியை நிறுத்தினேன். மறு கையை அவர் இடுப்பில் கொடுத்து, மெதுவாகத் திரும்பக் கட்டிலில் உட்கார வைத்தேன். பிரேக்கைப் போட்டேன். பிறகு தரையில் மண்டியிட்டு அவர் கண்ணுக்கு நேராக இருந்தேன். மேடம் பின்னால் இருப்பது தெரியும். தெரிந்துகொண்டே முதுகைக் காட்டினேன்.

"அம்மாயி, அவங்க கங்காணி இல்ல. இங்க கொழுந்து நிறுக்கிறது இல்ல. அரைப்பேரும் இல்ல."

என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"அப்ப ஏன் எழுதுறாங்க?"

"நான் உங்கள நல்லாப் பாத்துக்கிறனான்னு எழுதுறாங்க. அவசரமே இல்ல. நீங்க சொன்ன பொறகுதான் எழும்புவோம்."

அவர் உடனே சொல்லவில்லை. காத்திருந்தேன். அவ்வளவு நேரம் கையைச் சும்மா வைத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மூச்சு சீரானது. பிறகு அவரே தலையை ஆட்டினார். இடது பாதத்தைச் சரியாக ஊன்ற வைத்தேன், என் முழங்காலால் அவர் முழங்காலுக்குத் தாங்கல் கொடுத்தேன், சொன்னேன், எழுந்தோம், திரும்பினோம், உட்கார்ந்தோம். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காலுக்குப் போர்வை போட்டேன். வெளியே பனி கொஞ்சம் விலகி, எதிர் மலையில் பெண்கள் நிரை பிடித்து நிற்பது தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

மேடம் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். என் காது சுட்டது. நாற்காலி உருண்டது. பிரேக்கை முதலில் போட்டிருக்க வேண்டும். போய்விட்டது, மறுபடியும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்தோனியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரில் நின்ற மேடத்தைப் பார்த்து, கங்காணியிடம் பேர் போடக் கேட்கிற குரலில் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு முழுப்பேர் போடுங்க."

மேடத்துக்கு அது விளங்கவில்லை. அந்த அம்மா என்ன சொன்னார் என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். எனக்கு மார்க் போடச் சொல்வதை நானே மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. முழுநாள் சம்பளம் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. மேடம் அந்தோனியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம், பிரேக்கை அவர் கட்டில் ஓரத்துக்கு வருவதற்கு முன்பே போட வேண்டும், அதை மறக்கக் கூடாது என்றார். அதைத் தாளிலும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பெட்டியில், 'தகைமை பெற்றுள்ளார்'.

நான் இரண்டு தடவை வாசித்தேன். பெயர் என்னுடையதுதான். சுலக்ஷனா.

கேத்ரினுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் வெறும் அழுகைச் சத்தம்தான் போயிருக்கிறது. பயந்துபோய் நிரோஷனையும் இழுத்துக்கொண்டு இல்லத்து வாசலுக்கே வந்துவிட்டாள். செய்தி தெரிந்ததும், நடுரோட்டில் நிரோஷனைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் வாசலில் நின்றார். தூரத்திலேயே கேட்டுவிட்டார், முழுப்பேரா என்று. ஆமாம் என்றேன். ஆண்டியப்பன் மாமா தன் காம்பரா வாசலில் நின்று, பாதி தன் பங்கு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கதிரையை வெளியே எடுத்துப் போட்டேன். அம்மாவின் வலது பக்கம் வந்து நின்று, இடுப்பில் கை கொடுத்தேன். இப்ப உக்காரப் போறோம் என்றேன். அம்மா இந்த முறை தானாக உட்காரவில்லை. நான் சொல்லும் வரை காத்திருந்தார்.