வளைவில் பரப்பிய உளுந்து

உளுந்தஞ்செடியை அடிக்க டிராக்டருக்கு ஏன் அலைய வேண்டும்? ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டியெல்லாம் சும்மாவே அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். ஆவூர்ப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கெட்டிக்காரத்தனம் இது. பால்ராஜ் அதிலும் ஒருபடி மேலே. திரும்பும்போதுதான் டயர் நன்றாக அரைக்கும் என்று கண்டுபிடித்து, நேர் ரோட்டை விட்டு வளைவில் பரப்புவான்.

அவன் மனைவி ஞானசெல்வி இலுப்பூரில் இயற்பியல் டீச்சர். போன வருசமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"வளைவுல வண்டியத் திருப்புறது ஹேண்டில்பாருன்னா நெனைக்கிறீங்க? டயருக்கும் தாருக்கும் உள்ள உராய்வுதாங்க உள்பக்கமா இழுத்துப் புடிக்குது. அது இல்லாட்டி வண்டி நேராத்தான் போவும்."

அந்த வளைவுக்கு நேரே இருப்பது சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

"பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க" என்று சிரித்தவன், இன்று மதியம் அவள் இல்லாத நேரம் பார்த்து மறுபடியும் பரப்பிவிட்டான்.

நாலரைக்குத் தூறல் விழுந்தது. ஈரச் செடியில் கால் வைத்தவனுக்கே வழுக்கிற்று. அப்போதுதான் உறைத்தது. ஐந்து மணிக்கு அவள் ஸ்கூட்டியில் வருகிற வழி இதுதான்.

போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். செடியை இரு கையாலும் அள்ளி அள்ளி வயலில் எறிந்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "மாதாவே, இன்னும் பத்து நிமிசம் குடு தாயே" என்று வாய்விட்டு அழுதான். மாதா ஐந்து நிமிடம்தான் கொடுத்தாள்.

பாதி ரோட்டைத்தான் வாரியிருந்தான். ஸ்கூட்டி வந்துவிட்டது. அவள் தூரத்திலேயே செடியைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, வாரிய பக்கமாக ஒதுங்கித்தான் வந்தாள். அவன் கண்ணுக்குக் கிணறு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவளுக்குக் குறுக்கே ஓடினான்.

"செல்வி! நில்லு!"

புருசன் மேல் ஏற்றிவிடுவோமே என்று அவள் வண்டியைச் செடிப் பக்கம் ஒடித்து, பிரேக்கை இறுக்கினாள். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. நேராகப் போய்க் கிணற்றில் விழுந்தது. அதற்கு முன்னே அவள் எகிறிப்போய், விளிம்புக் கல்லில் முதுகு அடிபட விழுந்திருந்தாள்.

ஓடிப்போய்க் காலடியில் விழுந்தான். அவள் கண் திறந்திருந்தது.

"ஏங்க குறுக்க வந்தீங்க? நான் மெதுவாத்தானங்க வந்தேன்."

ஆம்புலன்சுக்குச் சொல்லக்கூடத் தோன்றாமல் கதறினான்.

"அழுவாதீங்க. எங்காலக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றாள்.

பால்ராஜ் அவளுடைய இரண்டு பாதங்களையும் அப்போதிருந்தே இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.