மணியக்காரரின் சூட்டுப் பெட்டி

என் மாமனார் உலகநாதன் அயனம்பாக்கத்து மணியக்காரர். யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், நீலகிரியிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு துரையிடம் பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கினார். அதில் முன் ஆசனத்துக்கு எதிரே, காலடியில், ஒரு தகரப் பெட்டி உண்டு. இஞ்சினில் சூடேறிய தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குள் வந்து சுற்றி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். பெட்டி சூடாகி அனல்காற்றை ஊதும். மலைக் குளிருக்கென்று செய்த சாமான். அதைச் சித்திரை மாதத்தில் அயனம்பாக்கத்தில் ஊதவிட்டு, பக்கத்து ஊர் மணியக்காரர்களை எதிரே உட்காரவைத்து, "இன்னா, சீமைக் காத்து எப்பிடிக் கீது?" என்று கேட்கிற மனிதர் அவர். அவர்களும் வேர்த்து விறுவிறுத்து, ஜோராக இருக்கிறது என்பார்கள்.

பிறகு பெட்டி ஓட்டையாகி வெந்நீர் ஒழுகத் தொடங்கியது.

"பொட்டியை உட்டுடலாம் நைனா. குழாயை இஞ்சின்லேர்ந்து இஞ்சினுக்கே வளைச்சு மாட்டிட்டா ஒழுகாது," என்றான் டிரைவர் தங்கவேல்.

"தொரை வெச்ச பொட்டிடா. அது சூட்டை வாங்கலேன்னா இஞ்சின் வெடிச்சிப்பூடும். உனக்கின்னா தெரியும்?"

இவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஒழுகுகிற இடத்தில் வெற்றிலை எச்சில் துப்புகிற படிக்கத்தை வைத்தார். ரிப்பேர் முடிந்தது.

என் மனைவி வடிவு தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளை பழத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியவன். நானும் அப்படித்தான் நின்றேன். வலி கண்ட மறுநாள் காலை, மருத்துவச்சி குப்பம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "புள்ள குறுக்கால கீது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நிக்காதீங்க."

பின் ஆசனத்தில் வடிவு, மாமியார் அன்னம்மாள், நான். முன்னால் டிரைவர் பக்கத்தில் மாமனார், காலிடுக்கில் படிக்கத்தோடு. மண்ணூர்பேட்டை தாண்டியதும் இஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து ஆவி பொங்கியது. தங்கவேல் வண்டியை ஓரம் கட்டினான்.

"தண்ணி பூரா உங்க பொட்டி வழியாப் பூட்ச்சி."

"குட்டையில மொண்டு ஊத்து."

"ஊத்துனா மறுபடி ஒழுகும். படிக்கத்தைப் புடிச்சிக்கினே பட்டணம் போவீங்களா?"

"குழாய் மேல கைய வெச்ச, வேலை இல்ல உனக்கு."

வடிவு கதவை இறுகப் பிடித்திருந்தாள். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. மாமனாரோ, கலெக்டர் முகாமில் அந்தப் பெட்டியை யார் யார் புகழ்ந்தார்கள் என்று தங்கவேலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் முனகியபோது குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். நான் "மாமா" என்று ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க மாப்ளே. இது எங்க ஊட்டு விசயம்," என்றார்.

அன்னம்மாள் கீழே இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நேருக்கு நேர் பேசாதவள். சொல்வதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று வடிவிடம்தான் சொல்வாள். இன்று என் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"அவரை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? குழாயைக் கழட்டுங்க மாப்ளே. அவரு தடுத்தா நான் பாத்துக்கறேன்."

மாமனார் தடுக்கவில்லை. பெண்டாட்டி நடுரோட்டில் மாப்பிள்ளையோடு பேசிவிட்டாளே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ரோட்டில் ஓர் எருமைதான் நின்றிருந்தது.

நானும் தங்கவேலும் இரண்டு குழாயையும் கழற்றினோம். நீளமான ஒன்றை இஞ்சினின் ஒரு மூக்கிலிருந்து மறு மூக்குக்கு வளைத்து மாட்டிக் கம்பியால் முறுக்கினோம். சூடு தணியவிட்டுக் குட்டைத் தண்ணீரை ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெடிக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் இல்லை என்று டாக்டரம்மாள் கடிந்துகொண்டாள். தாழ்வாரத்தில் மாமனார், செய்தி கேட்டு வந்திருந்த என் தகப்பனாரிடம், "மாப்ளைக்கு மெஷின் சமாசாரம் பத்தாது. நான்தான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுப்பதற்கும் அந்தப் பேச்சில் ஒரு தரம் வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வடிவைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் நேரே ஆவடிக்கு, என் ஜாகைக்கே அழைத்துப் போனேன். முறை தெரியாதவன் என்று ஊர் பேசியது. பேசட்டும். ஒரு மாதம் கழித்து மாமனார் வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேத்தியை ஊருக்குக் காட்ட வேணாமா? வண்டி கொண்ணாந்துகீறேன்."

நான் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது.

"மாட்டு வண்டி இருந்தா அனுப்பச் சொல்லுங்க."